கிட்டார் அழுவது எப்படி?

2004ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் விழா நடந்தது. 2001 நவம்பரில் மறைந்த பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனைத் தனிக் கலைஞராகவும் அந்த அவையில் சேர்த்துச் சிறப்பித்த இரவு அது. அவருடைய நண்பர்கள் டாம் பெட்டியும் ஜெஃப் லின்னும், உடன் ஸ்டீவ் வின்வுட்டும், ஹாரிசனின் மகன் தானியும் மேடையேறி, 1968இல் ஹாரிசன் எழுதிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலை இசைத்தனர். மென்மையாக அழும் கிட்டார் என்பதே அந்தப் பாடலின் கரு. அதே இரவில் தானும் சிறப்பிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான பிரின்ஸ், சிவப்புத் தொப்பியுடன் மேடையின் ஓர் ஓரத்தில் நின்று, ஏறத்தாழ மூன்றரை நிமிடங்கள் பக்க வாத்தியக்காரரைப் போல அடக்கமாகத் தாளம் மீட்டிக்கொண்டிருந்தார். நடுவில் வரும் தனி வாசிப்பை மார்க் மேன் என்ற கிட்டார் கலைஞர் 1968 ஒலிப்பதிவுக்கு நெருக்கமாக வாசித்து முடித்தார். அதன் பிறகுதான் பிரின்ஸ் முன்னே வந்தார். அடுத்த மூன்று நிமிடங்கள் ராக் இசை வரலாற்றில் இன்றும் பேசப்படுகின்றன.

அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் ஒரு கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப எழுகிறது. மரப்பலகை ஒன்றின் மேல் கட்டிய ஆறு உலோகக் கம்பிகள், மூச்சும் தொண்டையும் இல்லாமல், மனிதர் அழுவதைப் போன்ற ஒலியை எப்படி எழுப்புகின்றன? கலைஞரின் மேதைமை என்று மட்டும் சொல்லி இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்த மேதைமை கையாளும் இயற்பியலும் அதற்கு இணையான அழகு கொண்டது.

மின்சாரக் கிட்டாரை, அதன் ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்பில் இணைக்காமல் மீட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மெலிந்த ஒலி என்பது தெரியும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கூடக் கேட்காது. சாதாரணக் கிட்டாரின் மேற்பலகையும் உள்ளீடற்ற குடமும் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கின்றன. கெட்டியான பலகையால் ஆன மின்சாரக் கிட்டார் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் அதில் ஒரு நன்மை இருக்கிறது: காற்றுக்குக் கைமாறாத ஆற்றல் தந்தியிலேயே தங்குவதால், தந்தி அதிக நேரம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அன்று பிரின்ஸ் தோளில் மாட்டியிருந்தது டெலிகாஸ்டர் என்ற புகழ்பெற்ற கிட்டாரின் வடிவத்தில் செய்த அத்தகைய கெட்டிப் பலகைக் கிட்டார்தான்.

அந்த அதிர்வைக் கேட்கும் 'காது' தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப். சிறிய காந்தங்களைச் சுற்றி, தலைமுடியின் தடிமனே உள்ள செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள் அது. காந்தம் தனக்கு மேலே உள்ள எஃகுத் தந்தியையும் சற்றே காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி, அந்த மாற்றம் சுருளில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. தந்தி நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 440 முறை ஏறி இறங்கும். பிக்கப் கவனிப்பது தந்தியின் அசைவைத்தான் என்பதால், விரல் நுனியின் மிகச் சிறிய நடுக்கம்கூட அப்படியே மின்சாரமாகிவிடுகிறது.

ஆனால் இந்த மின்சாரத்தை உள்ளபடியே பெருக்கினால் நமக்குக் கிடைப்பது அழுகை அன்று. மணி அடித்தது போலத் தெளிவாக எழுந்து, உடனே தேயத் தொடங்கும் ஒலியே கிடைக்கும். மீட்டிய கணத்தில் உச்சத்தில் இருந்து, அதன் பிறகு இறங்கிக்கொண்டே போவது மீட்டு வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு. அழும் குரலோ, பாடும் குரலோ அப்படி இருப்பதில்லை. மூச்சு இருக்கும்வரை அது நின்று ஒலிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவது, பொறியாளர்கள் முதலில் குறையாகக் கருதிய ஒரு நிகழ்வு: டிஸ்டார்ஷன், அதாவது அலையின் சிதைவு.

எந்த ஆம்புக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. வீட்டின் கூரையைவிட உயரமாக ஒருவர் குதிக்க முடியாததைப் போல, உள்ளே வரும் அலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெளியே செல்லும் அலை அந்த வரம்புக்கு மேல் உயர முடியாது. வரம்பைத் தாண்டும் அலையின் மேடும் பள்ளமும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. மீட்டிய கணத்தில் தந்தியின் அலை வரம்பைப் போல 20 மடங்கு பெரியது என்று வைத்துக்கொள்வோம். தந்தியின் அதிர்வு பாதியாகிறது, கால் பங்காகிறது, பத்தில் ஒரு பங்காகிறது. ஆனாலும் அது இன்னும் வரம்புக்கு மேலேயே இருப்பதால் வெளியே கேட்கும் ஒலியின் அளவு கிட்டத்தட்ட மாறுவதில்லை. 20இல் ஒரு பங்காகத் தேய்ந்த பிறகுதான் நம் காதுக்கு ஒலி குறையத் தொடங்குகிறது. தந்தி தளர்ந்துகொண்டிருக்க, சுரம் மட்டும் தளராமல் நீள்வது இப்படித்தான். கிட்டார் கலைஞர்கள் 'சஸ்டெயின்' என்று சொல்லும் இந்த நீட்சியே கிட்டாருக்குக் கிடைத்த மூச்சு.

அலை வெட்டுப்படும்போது இன்னொன்றும் நடக்கிறது. வளைந்த அலையைத் தட்டையாக்கினால், மூல அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்கள் கொண்ட மேற்சுரங்கள் புதிதாகச் சேர்கின்றன. மேளமும் பேஸ் கிட்டாரும் ஆர்கனும் இத்தனை பாடகர்களும் ஒன்றாக ஒலிக்கும் மேடையில் ஒரே ஒரு கிட்டாரின் ஒற்றைச் சுரம் ஏன் அமுங்கிப்போகவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. பசித்த குழந்தை வீறிடும் அழுகையின் கூர்மையும் இந்தப் பகுதியைத்தான் வந்து தைக்கிறது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேற்சுரங்களில் பல இங்கேதான் வந்து விழுகின்றன.

இனி விரல்களுக்கு வருவோம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துவிடுகின்றன. படிப்படியாக ஏறி இறங்குவது பேசும் குரலுக்கோ அழும் குரலுக்கோ இயல்பன்று. குரல் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கலை ஃப்ரெட்டுள்ள கருவியில் கொண்டுவர ஒரு முக்கிய வழி, அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி அதன் இழுவிசையைக் கூட்டுவது. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. 392 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒரு முழுச்சுரம் உயர்த்தி 440க்குக் கொண்டுபோக வேண்டுமானால், அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். வழக்கமான மெல்லிய தந்தியில் ஏறத்தாழ 7 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவிசை எப்போதும் இருக்கிறது. அதோடு கிட்டத்தட்ட இன்னும் 2 கிலோவை விரல் நுனியின் தள்ளலால் சேர்க்க வேண்டும், அதுவும் குறித்த சுரத்தில் மிகச் சரியாக நிறுத்த வேண்டும். அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பழகிய காது கண்டுபிடித்துவிடும். கலைஞரின் இடது கையை உற்றுப் பாருங்கள்: தள்ளுவது மோதிர விரல் போலத் தெரியும், ஆனால் நடுவிரலும் சுட்டுவிரலும் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருக்க, உண்மையில் திரும்புவது மணிக்கட்டு.

வீணையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. வீணையின் ஃப்ரெட்டான மெட்டு ஒன்றிலேயே தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிக்கும் கமகமும் இதே வர்க்கமூல விதிக்கு உட்பட்டதுதான். ஹாரிசனே ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். தந்தியை இழுத்துச் சுரத்தைப் பாடவைக்கும் கலையை அங்கே நெருக்கத்தில் கண்டவர்.

தள்ளிய தந்தியை அங்கேயே வைத்துக்கொண்டு சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்கினால் சுரம் நடுங்குகிறது. தேர்ந்த பாடகரின் குரல் நடுக்கம் நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை நிகழ்கிறது. விரலின் நடுக்கமும் அந்த வேகத்தை நெருங்கும்போது நம் மனம் அதைக் குரலாகவே எடுத்துக்கொள்கிறது. 1968 ஒலிப்பதிவில் இதற்குச் சுவையான ஒரு முன்கதை உண்டு. அந்தப் பதிவில் தனி வாசிப்பை வாசித்தவர் ஹாரிசனின் நண்பர் எரிக் கிளாப்டன். அது பீட்டில்ஸ் பாடலின் ஒலியோடு இயைய வேண்டும் என்பதற்காக, ஒலிக்கலவையின்போது ஒலிப்பதிவு நாடாவின் வேகத்தைக் கையால் ஆட்டி ஆட்டிச் சுரத்தைத் தள்ளாட வைத்தார்கள். நாடா இயந்திரம் அன்று சேர்த்த நடுக்கத்தை, 36 ஆண்டுகளுக்குப் பிறகு பிரின்ஸ் தன் விரல்களாலேயே செய்து காட்டினார்.

பாடலின் அமைப்பும் அவருக்குத் துணை நின்றது, இதைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். சரணத்துக்கு அடியில் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்கள், மேற்கத்தியப் பெயர்களில் சொன்னால், ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போகின்றன. மேலே கிட்டார் 'ஏ' என்ற ஒரே சுரத்தை அசையாமல் பிடித்திருப்பதாகக் கொள்வோம். அடியில் 'ஏ' இருக்கையில் அது தன் வீட்டில் அமைதியாக இருக்கிறது. பேஸ் 'ஜி'க்கு இறங்கியதும் அதே சுரம் 9:8 என்ற அதிர்வெண் விகிதத்தில் உரசுகிறது. 'எஃப் ஷார்ப்'புக்கு மேலே 6:5 என்ற சோகமான இடைவெளியாகிறது. 'எஃப்'புக்கு மேலே 5:4 என்று கனிகிறது. சுரத்தின் அதிர்வெண் துளியும் மாறவில்லை, ஆனால் அதன் பொருள் மூன்று முறை மாறிவிட்டது. நின்று ஒலிக்கும் சுரம் இருந்தால்தான் இந்த மாற்றம் காதுக்குப் புலப்படும். அந்த நிற்றலைத் தந்தது முன்பு பார்த்த டிஸ்டார்ஷன். நீண்ட சுரங்களுக்கும் மின்னல் வேக வரிசைகளுக்கும் இடையே பிரின்ஸ் மாறி மாறிச் செல்லும்போது, ஒவ்வொரு நீண்ட சுரமும் தரை நழுவும்போது ஒருவர் அசையாமல் நிற்பதைப் போல ஒலிக்கிறது.

வாசிப்பின் நடுவே பிரின்ஸ் மேடையின் விளிம்பிலிருந்து அப்படியே மல்லாந்து பின்னால் சாய்கிறார். கீழே நிற்கும் ஒருவர் அவருடைய முதுகைத் தாங்கி மீண்டும் மேலே தள்ளிவிடுகிறார். அவ்வளவு நேரமும் வாசிப்பு நிற்கவில்லை. உடலின் எடை முழுவதும் இன்னொருவர் கைகளில் இருக்க, இடது மணிக்கட்டு மட்டும் அந்த இழுவிசைக் கணக்கை வழுவாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. அருகில் நிற்கும் தானி ஹாரிசன், தன் தந்தையின் பாடல் இப்படிக் கேட்பதைப் பார்த்து முகம் மலரச் சிரிக்கிறார். கடைசிச் சுரத்தோடு பிரின்ஸ் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி மேலே எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேடையை விட்டு நடந்து போகிறார். அது கீழே விழுவது காணொளியில் தெரியவில்லை.