கப்பலுக்கு ஏது உயிர்? 'சர்வைவபிலிட்டி'க்குத் தமிழ்

விமானந்தாங்கிக் கப்பல் நீர்மூழ்கியிடம் சிக்கினால் மிஞ்சுமா என்று கணக்குப் போடும் கட்டுரைகளில் 'சர்வைவபிலிட்டி'யை 'உயிர்பிழைப்புத்திறன்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் பல்லில் கல் மாட்டுகிறது.

மூலம் லத்தீன்: 'சூப்பர்' என்றால் கடந்து, 'வீவெரே' என்றால் வாழ். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'சுர்வீவ்ர்' பழகிய சொல்தான். வேரில் வாழ்வு இருக்கிறதே என்று உயிரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

பிரிட்டனின் விமானந்தாங்கி ஆர்க் ராயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 நவம்பர் 13, ஜிப்ரால்டர் அருகே ஜெர்மன் நீர்மூழ்கி யு-81 விட்ட டார்பிடோக்களில் ஒன்றே ஒன்று பட்டது. மறுநாள் கப்பல் மூழ்கியது. இறந்தவர் ஒரே ஒருவர். உயிர்பிழைப்பு என்று பார்த்தால் அருமையான மதிப்பெண்! அமெரிக்க விமானந்தாங்கி சரடோகாவோ 1942 ஜனவரியில் டார்பிடோ வாங்கியும் மிதந்தது. பழுதுபார்க்கப் போனதில் ஜூன் மாத மிட்வே சண்டை தவறிப்போனது. மிதப்பது வேறு, விமானம் ஏற்றி இறக்குவது வேறு. இரண்டில் எது நின்றால் 'முடக்கம்' என்பதை முதலிலேயே வரையறுக்காத கணக்கின் விடை எதற்கும் உதவாது.

உயிரை வெட்டிவிட்டு 'பிழைப்புத்திறன்' என்றால் இன்னும் மோசம். பிழைப்பு என்பது சோற்றுக்கு வழி. பிழை என்பதோ புள்ளியியலில் வேறு சங்கதி. 'பிழைப்பு நிகழ்தகவு' என்று படிக்கும் மாணவர் எதை நினைப்பார்?

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது, படகு தாக்குப்பிடித்ததா என்றுதான் இந்தக் கரையில் கேட்டிருப்பார்கள். 'தாக்கு' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாக்குப்பிடிதிறன்: இதுவே போதும். 'தாங்குதிறன்' வேண்டாம், விமானந்தாங்கியோடு சேர்ந்து எத்தனை விமானம் கொள்ளும் என்ற பொருளுக்கு வழுக்கிவிடும்.

இன்னொரு கொடுமை: 'சசெப்டிபிலிட்டி', 'வல்னரபிலிட்டி' இரண்டுக்கும் 'பாதிப்படையும் தன்மை'. தாக்குப்பிடிதிறனுக்கான சூத்திரமோ இரண்டையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்கச் சொல்கிறது. பாதிப்பைப் பாதிப்பால் பெருக்குவதா? அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடும் மொழிபெயர்ப்பாளர் இந்தப் பெருக்கலைப் பார்த்ததே இல்லை. முன்னது அடிபடு வாய்ப்பு. பின்னது, அடிபட்டபின் முடங்கு வாய்ப்பு. உதாரணத்துக்கு 0.3, 0.2 என்று வைத்தால் பெருக்கல் 0.06, ஒரு டார்பிடோவுக்குத் தாக்குப்பிடிப்பு 0.94. நான்கு வந்தால் 0.94ஐ நான்கு முறை பெருக்கி 0.78 என்பார்கள். அது ஒவ்வொன்றும் தனித்தனி என்று கொண்ட கணக்கு. முதல் அடியிலேயே கப்பல் வேகம் குறைந்து, தண்ணீர் ஏறிச் சாய்ந்திருக்கும். வேகம் குறைந்ததால் அடிபடு வாய்ப்பு ஏறும். சாய்ந்ததால் முடங்கு வாய்ப்பு ஏறும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?