மூன்று பேர், மூன்றரைக் கலம் நெல்

அடிமை முறை என்றதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆப்பிரிக்கா, கப்பல், ஆபிரகாம் லிங்கன் என்று அடுக்குவார்கள். “நம்ம பக்கம்?” என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். திருவாரூர் மாவட்டத்தில் வரலாறு நடத்தும் நான் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

ராகு கேது பரிகாரத்துக்குத் திருப்பாம்புரம் போகாத வீடு இங்கே குறைவு. அந்த ஊர்க் கல்வெட்டு ஒன்று, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-இல் வெட்டியது. பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார்கள் என்கிறது. அப்போது காசுக்கு மூன்று நாழி நெல். கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்வேன். 330 நாழி. 96 நாழி ஒரு கலம். ஆக, மூன்று பேருக்கு மூன்றரைக் கலம்கூட வரவில்லை. வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் நான் விளக்கியதில்லை.

பிறகு நாகப்பட்டினம். 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமையைச் சூறையாட, பசியில் கரைக்கு வந்தவர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது இலங்கைக்கு.

பண்ணையடிமை பற்றிப் பேசும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். அடிமை முறைக்கு எதிரான 1843-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அது வேறு பெயர்களில் நீடித்தது. பண்ணையாளின் பேரனும் மிராசுதாரரின் பேரனும் இன்று ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “உங்க தாத்தா யார் பண்ணையில வேலை பார்த்தார்?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டேன். ஒரு பையன் குனிந்த தலையை மணி அடிக்கும்வரை நிமிர்த்தவில்லை. அவனைப் பாடப்பொருளாக்கியது என் தவறு. இப்போது யார் வீட்டையும் கேட்பதில்லை. கல்வெட்டு, விலை, சட்டம் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக் கதையைத் தானாகச் சொல்ல வரும் பிள்ளையை வகுப்பு முடிந்த பிறகு தனியாக உட்காரவைத்துக் கேட்கிறேன்.

அப்படி வந்த ஒரு மாணவி சொன்னது தாத்தா கதையல்ல. முன்பணம் வாங்கிய அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையை விட்டு வெளியே வர முடியவில்லை என்றாள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதன்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது, மீட்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து ஆட்சியருக்கு மனு எழுதினோம்.