ஓதுதல்: திலாவத்துக்கு நம் வீட்டிலேயே இருக்கும் சொல்

போன நோன்பு மாதத்தில் அக்கா மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை எழுதினாள். "தினமும் மாலையில் நான் குர்ஆன் வாசிப்பேன்" என்று அதில் ஒரு வரி. நோன்பு திறந்த பிறகு அவள் அதைப் படித்துக் காட்ட, நன்னி (பாட்டி) வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். "வாசிக்கிறதா? பேப்பர வாசிக்கலாம், கடுதாசிய வாசிக்கலாம். குர்ஆன ஓதணும்மா."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளை கேட்டாள். அன்று எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. குர்ஆன் ஓதுவதை அரபியில் திலாவத் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று அப்புறம் உட்கார்ந்து தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரர்கள். டவுனில் அத்தாவுக்கு மளிகைக் கடை, சுற்றிலும் தோட்டங்கள். மஃரிப் என்னும் அந்தித் தொழுகை முடிந்த பிறகு கடையின் மேல்மாடியில் பாய் விரிப்போம். விரித்து மடிக்கும் மரப்பலகையில் குர்ஆன் இருக்கும். எங்களுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை, செம்பனை ஓலையில் கிழித்த ஈர்க்கால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவார். அவர் சொல்ல நாங்கள் சொல்ல வேண்டும். ஈர்க்கு நின்றால் நாக்கும் நிற்க வேண்டும். கீழே அரிசி அளக்கும் சத்தம், சம்பள நாளில் தோட்டத்து ஆட்களின் பேச்சு, இத்தனைக்கும் மேலே எங்கள் குரல் கேட்க வேண்டும். முணுமுணுத்தால் விடமாட்டார். "வாயத் திறந்து ஓது, உன் காதுக்குக் கேக்க வேணாமா?"

'ஓது' என்ற சொல்லின் பொருளே அதுதான். ஓதை என்றால் ஓசை. எழுத்தைக் கண்ணால் மட்டும் மேய்ந்துவிட்டுப் போவதற்கு ஓதுதல் என்று பெயர் இல்லை. குரல் எழ வேண்டும். ஔவையாரின் 'ஓதுவது ஒழியேல்' நமக்குத் தெரியும். அதற்கும் வெகு முன்னால் தொல்காப்பியம் தலைவன் பிரிந்து போகும் காரணங்களைச் சொல்லும்போது 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்று ஓதலையே முதலில் வைக்கிறது. அங்கே ஓதல் என்பது கல்விக்காக வீட்டை விட்டுப் போவது. ஆக, இந்தச் சொல்லில் குரலும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். எங்கள் டவுனில் கோயிலில் திருமுறை ஓதும் போட்டி என்பார்கள், பள்ளிவாசலில் யாசீன் (குர்ஆனின் ஓர் அத்தியாயம்) ஓதுகிறார்கள் என்பார்கள். ஒரே வினைச்சொல் இரண்டு பக்கமும் புழங்கியது. யாருக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

இனி அரபிப் பக்கம் வருவோம். கி.பி. 610-இல் ஹிரா குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் சொல் 'இக்ரஃ', அதாவது ஓதுவீராக. 'குர்ஆன்' என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். ஓதப்படுவது என்று பொருள். நூலின் பெயரிலேயே குரல் இருக்கிறது. 73ஆம் அத்தியாயம் 'தர்த்தீல்' ஆக ஓதச் சொல்கிறது. அவசரப்படாமல், நிறுத்தி, திருத்தமாக ஓதுவதுதான் தர்த்தீல்.

'திலாவத்' கொஞ்சம் வேறு விதமான சொல். மலேசியாவில் இது எல்லாருக்கும் பழக்கம். 1961-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோது தொடங்கிய அனைத்துலக ஓதல் போட்டியைத் 'திலாவா' என்றுதான் சொல்வோம். அதன் வேருக்குப் பின்தொடர்தல் என்று பொருள். 91ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சூரியன் மீது சத்தியம் வருகிறது. அடுத்து, 'அதைப் பின்தொடரும் சந்திரன் மீது சத்தியமாக'. அங்கே 'பின்தொடரும்' என்பதற்கு வரும் சொல்லும் திலாவத்தும் ஒரே வேர். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியன் போன வழியில் போய், அதன் வெளிச்சத்தை வாங்கித் தருகிறது. ஓதுகிறவரும் அப்படித்தான். சொல்லுக்குப் பின்னால் முதலில் நாக்கு போகிறது, பிறகு வாழ்க்கை போக வேண்டும். 'வேதத்தை ஓதவேண்டிய முறைப்படி ஓதுவார்கள்' என்று வரும் வசனத்துக்கு (2:121), அதன்படி நடப்பார்கள் என்றே நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) போன்றவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். 'ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்' என்று வள்ளுவர் சொன்னதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஓதுவதால் என்ன கிடைக்கும்? லெப்பையிடம் இதைக் கேட்காத பிள்ளை இல்லை. ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்பார். சில அத்தியாயங்களின் தொடக்கத்தில் வரும் 'அலிஃப் லாம் மீம்' என்பதை ஓர் எழுத்து என்று நபியவர்கள் சொல்லவில்லை. அலிஃப் ஒன்று, லாம் ஒன்று, மீம் ஒன்று என்றார்கள். இந்த மூன்று எழுத்துகளின் பொருள் அல்லாஹ்வுக்கே தெரியும் என்று அறிஞர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருள் பிடிபடாத இடத்திலும் ஓதிய வாய்க்குக் கூலி உண்டு என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஈர்க்கு ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று போனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பக்கத்துக் கடையில் ரொட்டி போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் எங்களோடு வந்து உட்கார்ந்து ஓதக் கற்றார். மாவு காய்ந்த விரலால் வரியைத் தொடுவார். 'ஐன்' என்ற எழுத்து தொண்டையின் நடுவிலிருந்து வர வேண்டும். அவருக்கு வரவே வராது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் சிரித்தபோது லெப்பை எங்களைத்தான் அடக்கினார். திறமையாக ஓதுகிறவர் மேன்மையான வானவர்களோடு இருப்பார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழியைச் சொன்னார். ஒரு கூலி ஓதியதற்கு, இன்னொன்று பட்ட பாட்டுக்கு. அந்த அண்ணனின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

நபிமொழியில் நாரத்தம்பழ உவமை ஒன்றும் உண்டு. குர்ஆனை ஓதும் இறைநம்பிக்கையாளர் நாரத்தை மாதிரி, மணமும் நன்று, சுவையும் நன்று. ஓதாதவர் பேரீச்சை மாதிரி. இனிப்பு இருக்கிறது, மணம் இல்லை. மணம் பக்கத்தில் இருப்பவருக்கும் போய்ச் சேரும் அல்லவா? இறையில்லத்தில் கூடி ஓதுபவர்கள் மேல் 'ஸகீனத்' என்னும் மன அமைதி இறங்கும் என்பதும் நபிமொழிதான்.

ஓதினால்தான் நன்மை என்றும் இல்லை, கேட்டாலும் உண்டு. ஒருமுறை நபியவர்கள் தம் தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் தமக்கு ஓதிக் காட்டச் சொன்னார்கள். "உங்களுக்கு இறங்கியதை உங்களுக்கே ஓதுவதா?" என்று அவர் தயங்க, பிறர் ஓதக் கேட்பது தமக்கு விருப்பம் என்றார்கள். நான்காம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் வந்ததும் "போதும்" என்றார்கள். இப்னு மஸ்ஊத் பார்த்தபோது அவர்கள் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி ஓதுவார்' என்று சம்பந்தர் பாடியது வேறு தெய்வ வழியில்தான். ஆனாலும் ஓதுவதும் கண்ணீரும் சேர்ந்து வருவது தமிழுக்குப் புதிது இல்லை.

அப்புறம் ஓதின தண்ணி. "பாய், புள்ள ராத்திரி பூரா வீல் வீல்னு கத்துது, கொஞ்சம் ஓதி விடுங்க" என்று தோட்டத்து லயங்களிலிருந்து தாய்மார்கள் வருவார்கள். பெரும்பாலும் இந்துக்கள். லெப்பை டம்ளரில் தண்ணீர் வாங்கி, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதி மெல்ல ஊதிக் கொடுப்பார். தேள் கொட்டிய ஒரு கூட்டத் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் இதே சூராவை ஓதிக் குணமான செய்தி ஹதீஸில் (நபிமொழியில்) உண்டு. "கிளினிக்குக்கும் தூக்கிட்டுப் போம்மா" என்று சொல்லித்தான் லெப்பை அனுப்புவார், அது முக்கியம். இந்தப் பழக்கத்துக்கும் 'ஓது' தவிர வேறு வார்த்தை கிடையாது. 'வாசிச்ச தண்ணி' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சிலர் திலாவத்தைப் 'பாராயணம்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது வடமொழி. அக்கரை வரை போய்ச் சேர்வது, முழுவதும் படித்து முடிப்பது என்பது அதன் பொருள். குர்ஆனின் முப்பது ஜுஸ்உவையும் (பாகங்களையும்) முடிக்கும் 'கத்தம்' என்பதற்கு வேண்டுமானால் கிட்டே வரும். அதற்கும் 'ஓதி முடித்தல்' என்று நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். மலாயில் 'மெங்காஜி' என்பார்கள். அதன் வேரில் கற்பதுதான் இருக்கிறது, குரல் இல்லை. 'கிராஅத்' என்பதை 'ஓதும் முறை' என்று எழுதினாலே போதும். திலாவத்துக்கு ஓதுதல்தான். பின்தொடர்தல் என்ற பொருள் அதில் நேராக இல்லையே என்றால், சரி, இல்லைதான். ஆனால் ஓதிக்கொடுப்பவர் முன்னே சொல்ல, ஓதுபவர் பின்னே சொல்லும் பழக்கத்தில் அது இருக்கிறது.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ தர்ஜமாவைப் படிக்கிறது, மாமா?" என்று கேட்டாள். அத்தாவின் அலமாரியில் அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கம் இருக்கிறது. அவள் அவ்வப்போது எடுத்துப் புரட்டுவாள். அதை வாசிக்கலாம் என்றேன். பிள்ளை வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்: "தினமும் மாலையில் நான் குர்ஆன் ஓதுவேன். பிறகு தமிழில் அதன் பொருளை வாசிப்பேன்." நன்னி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.