படிப்பு ஏறவில்லை என்று நிறுத்தும் முன், கண்ணையும் காதையும் பாருங்கள்

"இவனுக்குப் படிப்பு ஏறலை டாக்டர். தொழிலுக்கு அனுப்பிடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு. மூளைக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க." கடலூர் கடற்கரைக் குப்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். வந்தது காய்ச்சலுக்கு, எழுந்து போகும்போதுதான் இந்தப் பேச்சு வரும். மூளைக்கு டானிக் என்று ஒன்று கிடையாது. ஆனால் "அடுத்த தடவை வரும்போது நோட்டை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவேன்.

ஏழாவது படிக்கும் ஒரு பையனின் நோட்டு இன்னும் நினைவிருக்கிறது. டீச்சர் வாயால் சொல்லி எழுதச் சொன்ன பாடம் பிழையில்லாமல் முழுசாக இருந்தது. போர்டைப் பார்த்து எழுதிய கணக்கெல்லாம் பாதியில் நின்றிருந்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேதியைப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினான், படிக்க முடியவில்லை. கிட்டப்பார்வை. "டிவியைக்கூட ஒட்டி நின்னுதான் பார்ப்பான், அதுக்குத் திட்டு வாங்குவான்" என்றார் அம்மா. எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது, அதனால் வாய் திறந்து சொல்வதில்லை. கண்ணாடி கொடுத்தாலும் 'சோடா புட்டி' என்று கூட இருக்கும் பிள்ளைகள் கிண்டல் செய்வதால் பைக்குள்ளேயே கிடக்கும். பெண் பிள்ளை என்றால், நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமே என்று பெற்றவர்களே கழற்றச் சொல்வதும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காது இன்னொன்று. குளத்திலும் கடலிலும் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது சாதாரணமாகிவிட்டது. வீட்டில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள், அது கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் போகப் போகச் சீழ் திரும்பத் திரும்ப வரும், கேட்கும் திறனும் குறையும். வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் பாடத்தைப் பாதிதான் கேட்டிருக்கிறது அந்தப் பிள்ளை.

ரத்தசோகை இந்த அளவுக்குக் கண்ணில் படாது. சோர்ந்து உட்கார்ந்திருப்பது, கவனம் நிற்காதது, சாக்பீஸையும் பச்சரிசியையும் மெல்லுவது எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இயல்புதான், அதற்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது. அப்புறம், பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளை இருந்தால், அது பகல் கனவாக இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மாத்திரையில் கட்டுப்படும் நோய் அது.

இந்தக் குறைகள் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வருகின்றன. அங்கே பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்க ஆள் உண்டு, சீக்கிரமே தெரிந்துவிடும். மீன் விற்று இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்கு, அதுவும் பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு, நோட்டைப் புரட்டிப் பார்க்க எப்படி முடியும்? அங்கே அதே குறைக்கு 'மக்கு' என்று பெயர் வந்துவிடுகிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. அப்படிப் படிப்பு நின்ற பிள்ளைகளை அப்புறம் படகில் பார்க்கிறேன், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடத்தில் பார்க்கிறேன். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்திருக்கும்.

6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குள் பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு வைப்பது குற்றம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பதும் குறைந்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், போர்டு தெரியாத பிள்ளை கடைசி பெஞ்சில் வீணாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் நேரில் வருகிறது. 18 வயது வரை பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இலவசம். கடன் வாங்கித் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்கள் கவனியுங்கள்: இந்தக் குழு உங்கள் பள்ளிக்கு வராது. நீங்களே பிள்ளையை அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் கண், காது இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குழு வரும் நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, அந்தக் குழுவின் மருத்துவரிடமே கொடுங்கள். படிப்பை நிறுத்தப் போகும் பிள்ளை பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.