புங்க இலைக் கொப்புளத்துக்குப் பூஞ்சாணக்கொல்லி அடிக்காதீர்கள்

தானே புயலுக்குப் பின் நட்டு இன்று வாசல் முழுவதும் நிழல் தரும் புங்க மரத்துக்குத் திரும்பத் திரும்பக் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சாணக்கொல்லியை அடித்தும் ‘பூஞ்சை நோய்’ போகவில்லை, வெட்டிவிடலாமா என்று கேட்டு ஒரு பை இலைகளோடு கடந்த வாரம் ஒருவர் வந்தார். ஒவ்வொரு துளிர்ப் பருவத்திலும் கடலூரில் இதே கேள்வியைக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

அது பூஞ்சை நோயே அன்று. விரல்போல் நீண்ட அந்தக் கொப்புளத்தைப் பிளேடால் குறுக்கே அரிந்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், புழுவைப்போல் நீண்ட வெளிறிய சிலந்திப்பேன்கள் மெல்ல ஊர்வது தெரியும். ஏசீரியா பொங்காமியே என்னும் இப்பேன் கால் மில்லிமீட்டர் நீளம்கூட இராது. இது துளிரில் சாறு உறிஞ்சும்போது இலையே திசுவை வளர்த்து அதற்கு வீடாகிவிடுகிறது. நெற்பயிரில் தூர் வெங்காய இலைபோல் குழலானால் ‘ஆனைக்கொம்பன் ஈ’ என்று உடனே சொல்லும் நம் விவசாயிகள், மரத்தில் கொப்புளம் கண்டால் மட்டும் பூஞ்சை என்று முடிவு கட்டுவது ஏன்? ஈயின் வேலைக்குக் கார்பென்டாசிம் அடிப்பாரா யாரேனும்?

பணம் வீணாவதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு உண்டு. நோயற்ற பச்சை இலைக்குள்ளும் பூஞ்சைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் குடியிருக்கின்றன. கார்பென்டாசிம் போல இலைக்குள் ஊடுருவும் பூஞ்சாணக்கொல்லி அவற்றையும் அழிக்கும். அமெரிக்காவின் ஒரிகனில் ஓக் இலைகளுக்குள் வாழும் டிஸ்குலா குவெர்சினா என்னும் பூஞ்சை, குளவிகள் உண்டாக்கிய கொப்புளங்களுக்குள் பரவும்போது உள்ளிருக்கும் புழுக்கள் மடிவதை 1990களில் டென்னிஸ் வில்சனும் ஜார்ஜ் கரோலும் ஆராய்ந்தார்கள். இதற்கு நேர்மாறாக, ஆஸ்போன்டைலியா என்னும் ஈக்களில் பல, தமக்கு வேண்டிய பூஞ்சையைத் தாமே சுமந்து வந்து கொப்புளத்துக்குள் வளர்க்கின்றன. ஆகவே ஓக்கின் கதையை அப்படியே புங்கனுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால், பூஞ்சை என்றாலே பகை என்னும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வளர்ந்த புங்க மரம் இந்தக் கொப்புளத்தால் சாவதில்லை. அதைச் சும்மா விடுங்கள். கொப்புளமுள்ள கன்றுகளை வாங்காதீர்கள். நாற்றங்காலில் கண்டால் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மீறிப் பரவினால் மட்டும், கன்றுகளுக்கு மட்டும், நனையும் கந்தகத் தூளை நீரில் கலந்து தெளிக்கலாம். அதுவும் பேனோடு பூஞ்சையையும் கொல்லும் என்பதால்தான் இந்த வரம்பு. தைலமரக் கன்றின் நடுநரம்பிலும் காம்பிலும் முடிச்சு இருந்தால் அது லெப்டோசைபி என்னும் குளவியின் வேலை. அங்கே அலட்சியம் கூடாது, வளர்ச்சியே முடங்கிவிடும். ஐயம் இருந்தால் உரக்கடைக்குப் போகுமுன் விருத்தாசலம் அல்லது குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையோடு போங்கள். கோடரியைத் தயவுசெய்து அதுவரை எடுக்காதீர்கள்.