ஃபியூசேரியம்: கதிரா, கதிர்கோலா?

லத்தீனில் 'ஃபூசுஸ்' என்றால் நூல் நூற்கும் கதிர். நடுவில் பருத்து, இரு முனையும் ஒடுங்கிய வித்துகளை (ஸ்போர்களை) கண்ட ஜெர்மானியத் தாவரவியலாளர் லிங்க், 1809-இல் அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு ஃபியூசேரியம் என்று பெயர் வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் கதிரைவிட அரிவாள்தான் நினைவுக்கு வரும். பெரிய வித்தான மேக்ரோகொனிடியம் லேசாக வளைந்திருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 குறுக்குச்சுவர்கள் இருக்கும். அடிச்செல்லில் குதிகால் போல ஒரு சின்னத் துருத்தல். பேரினத்தை அடையாளம் காண வளைவைவிட இந்தக் குதிகாலே நல்ல தடயம்.

தமிழில் 'கதிர்ப்பூஞ்சை' என்று பெயர்க்கத் தோன்றும். அது வேண்டாம். கதிர் என்றதும் நெற்கதிரும் சூரியக் கதிரும்தான் முதலில் மனதில் வரும். கிராமினியேரம் என்ற சிற்றினம் உண்மையிலேயே கோதுமைக் கதிரைத் தாக்குவதால் குழப்பம் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, 'ஆக்டினோமைசிஸ்' என்ற பெயருக்கும் நேர்ப்பொருள் கதிர்ப்பூஞ்சைதான், அதுவோ பாக்டீரியா. செல்பிரிதல் பாடத்தில் 'கதிர்கோல் இழை' என்று படித்திருக்கிறோமே, அங்கே இருக்கிறது சரியான சொல். 'கதிர்கோல் பூஞ்சை' என்றால் வடிவமும் விளங்கும், வேறொன்றோடு மோதவும் செய்யாது. ஆனாலும் இதைப் பொருள் விளக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, அறிவியல் பெயரை ஃபியூசேரியம் என்றே எழுதுவது நல்லது.

சிற்றினம் பிரிப்பதில்தான் தவறுகள் அதிகம். பூஞ்சை வளர்க்கும் ஊடகமான உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வரும் இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது. ஒளியும் ஊடகமும் மாறினால் நிறமும் மாறும். சர்க்கரை மிகுந்த அந்த ஊடகத்தில் வித்துகளின் வடிவமும் சீராக அமையாது. திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் வளர்ப்பே திரிந்துவிடும். முதலில் ஒற்றை வித்திலிருந்து தூய வளர்ப்பு எடுக்க வேண்டும். பிறகு நுண்ணுயிர் நீக்கிய கார்னேஷன் இலைத் துண்டுகள் வைத்த 2 சதவீத நீர் அகாரில், சுமார் 25 டிகிரி செல்சியஸில், 12 மணி நேர ஒளி கொடுத்து 10 முதல் 14 நாள் வளர்க்க வேண்டும். இலைத் துண்டின் மேல் ஆரஞ்சு நிறப் பிசின் துளி போலத் திரளும் மேடுகளிலிருந்து மேக்ரோகொனிடியங்களை எடுத்துப் பாருங்கள். இழைகளில் உதிரியாகத் தோன்றுபவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஆக்சிஸ்போரம், சொலானி என்ற இரு சிற்றினங்களைப் பிரிக்கச் சிறுவித்துகளைத் தாங்கும் காம்பைப் பாருங்கள்: ஆக்சிஸ்போரத்தில் குட்டை, சொலானியில் நெட்டை. வெர்ட்டிசிலியாய்டஸ் என்ற சிற்றினத்தில் சிறுவித்துகள் மணிமாலை போலக் கோத்து நிற்கும். தண்ணீர் விட்டு மூடுகண்ணாடி வைத்ததும் மாலை அறுந்துபோகும். எனவே வளர்ப்புத் தட்டை அப்படியே நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

உருவத்தை மட்டும் நம்பியதன் சிக்கலை வரலாறே காட்டுகிறது. 1935-இல் பூஞ்சை ஆய்வாளர்கள் வோலன்வெபரும் ரெய்ன்கிங்கும் ஃபியூசேரியத்தில் 65 சிற்றினங்கள் என்றார்கள். 1940-களில் ஸ்னைடரும் ஹான்சனும் அவற்றை 9 ஆகச் சுருக்கினார்கள். இன்று சிற்றினம் பிரிக்க உதவும் டெஃப்1 என்ற மரபணுவின் வரிசையைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்வதில்லை. சொலானி கூட்டத்தை நியோகாஸ்மோஸ்போரா என்ற தனிப் பேரினமாக்குவதா என்ற வாதமும் நடந்துவருகிறது.

'ஆக்சிஸ்போரம்' என்றால் கூர்வித்து. அதன் பின்னால் வரும் 'கியூபென்ஸ்' போன்ற சொல் சிற்றினப் பெயர் அல்ல, எந்தச் செடியைத் தாக்கும் என்று காட்டும் 'சிறப்பு வடிவம்'. கியூபென்ஸ் என்பது வாழையின் வாடல் நோய்க்கு உரியது. நுண்ணோக்கியில் இதைப் பிரித்தறிய முடியாது. செடியில் செலுத்தி நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள மரபணுச் சோதனை செய்ய வேண்டும். வாடிய வாழையிலிருந்து எடுத்தோம் என்பதற்காக மட்டும் கியூபென்ஸ் என்று சீட்டு ஒட்டக் கூடாது. தீங்கு செய்யாத ஆக்சிஸ்போரம் வகைகளும் அதே வேரில் வாழ்கின்றன.