வலையொலி: பாட்காஸ்ட் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தோம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, பிடித்த பாட்டு, ஓவியம், படைப்பு என்று வாரம் ஒருமுறை பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வருகிறோம். பலகை எழுதியவர் எங்களில் ஒருவர். காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுவது அவர் தொழில். மேல் வரியை முடித்துவிட்டுத் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தபடி கேட்டார்: "வலையொலியா, வலையொளியா? சாதாரண லி போடவா, குண்டு ளி போடவா?"

கேட்டவுடன் நால்வருக்கும் நான்கு கருத்து. அன்று பலகை பாதியில் நின்றது. அந்தக் கேள்விக்கு முறையாக விடை சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்காஸ்ட் என்பது இணையம் வழியே தொடராக வெளிவரும் ஒலிப்பதிவு. வேண்டியபோது கேட்கலாம், நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருமுறை நேயராகப் பதிந்துகொண்டால் புதிய பகுதி வந்ததும் தானே நம் கைப்பேசிக்கு வந்து சேரும். இந்தக் கடைசி வசதிதான் அதன் உயிர்நாடி. இணையத்தில் கிடக்கும் எல்லா ஒலிப்பதிவையும் பாட்காஸ்ட் என்று சொல்லிவிட முடியாது. தேடிப் போகாமலே வந்து சேர்வதற்கான தொழில்நுட்பம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் உருவானது. பெயர் மட்டும் மூன்றாண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது.

2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற செய்தியாளர் இந்தப் புதுப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டு, மூன்று பெயர்களை வரிசையாக வைத்தார். மூன்றின் பின்னாலும் கேள்விக்குறி. அவற்றுள் நடுவில் இருந்ததுதான் பாட்காஸ்டிங். கேள்விக்குறியோடு பிறந்த அந்தச் சொல்லை மறு ஆண்டே, 2005-இல், நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

சொல்லின் முற்பாதி ஐபாடிலிருந்து வந்தது. 2001 அக்டோபரில், ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்ற விளம்பரத்தோடு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சிறு கருவி அது. தாய்க்கலத்திலிருந்து பிரிந்து போய்த் திரும்பி வரும் சிறு விண்கலத்தை ஆங்கிலத்தில் பாட் என்பார்கள். அந்த நினைவில் வைத்த பெயர். 2022-இல் ஐபாட் உற்பத்தியை ஆப்பிள் நிறுத்திவிட்டது. கருவி போய்விட்டது, அதன் பெயரைச் சுமந்த சொல் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே பாட் என்ற முற்பாதியைத் தமிழில் பெயர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

பிற்பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிராட்காஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் வயலில் பிறந்தது. விதையைக் கையில் அள்ளி நாலாபக்கமும் வீசி விதைப்பதற்கு அந்தப் பெயர். 1920-களில் வானொலி வந்தபோது, ஓரிடத்திலிருந்து எல்லாத் திசைக்கும் ஒலியை வீசுவதால் உழவர் சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். நாம் அதை ஒலிபரப்பு என்றோம். பரப்புதல் என்பதில் நெல்லைக் களத்தில் பரப்புவதும் இருக்கிறது, செய்தியைப் பரப்புவதும் இருக்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட் என்பதற்கு ஆங்கிலத்தில் விண்கலத்துக்கு முன்பே இருந்த பொருள் நெற்று. அவரை, மொச்சை போன்றவற்றின் விதைகளை அடக்கிய உறை. எங்கள் ஆயா மாடித்தொட்டியில் அவரைக்கொடி வளர்க்கிறார். எல்லாக் காயையும் பறிக்கமாட்டார். நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவிடுவார். அவை முற்றி, மஞ்சளாகி, காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் நெற்றாகும். நெற்றுகளை நூலில் கோத்துச் சமையலறை ஆணியில் மாட்டிவைப்பார். அடுத்த ஆடியில் எடுத்து உடைத்தால் விதை அப்படியே இருக்கும். வானொலிப் பேச்சு வீசிய விதை. ஒலிபரப்பும் நேரத்தில் அங்கே இல்லாதவருக்குக் கிடைக்காது. பாட்காஸ்ட் நெற்றுக்குள் இருக்கும் விதை. கேட்பவர் உடைக்கும்வரை காத்திருக்கும். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் ஆணியில் தொங்கும் அந்த நெற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் விளங்குகிறது.

அதே ஆயாவிடம் நாங்கள் செய்வதை முதன்முதலாகச் சொன்னபோது, "பாட்டு காஸ்ட்டா?" என்று கேட்டார். அவர் காதில் பாட்டு என்றே விழுந்தது. தமிழ்க்காது அப்படித்தான் கேட்கும். தமிழ் இலக்கணப்படி வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது. நாக்கும் அதை ஏற்காமல் ஓர் உகரத்தைச் சேர்த்துப் பாட்காஸ்ட்டு என்கிறது. எழுத்தில் ஸ் வேறு இடையில் வருகிறது. பேச்சில் இந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பவன் நான். எழுத்தில் நமக்கென்று ஒரு சொல் வேண்டும்.

இங்கே வடசென்னைக்காரர் ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். கானா என்பதே வெளியிலிருந்து வந்த சொல்லாயிற்றே, அதை யாரும் மாற்றச் சொல்லவில்லையே? உண்மைதான். இந்தியிலும் உருதுவிலும் கானா என்றால் பாட்டு, எந்தப் பாட்டும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அதற்கு அந்தப் பொருள் இல்லை. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் கண்விழித்துப் பாடும் பாட்டு, டேப் என்னும் தோல்மேளமும் டோலக்கும் இல்லாவிட்டால் மேசையிலேயே தாளம் தட்டிப் பாடும் பாட்டு, இந்த மக்களின் வாழ்வைச் சொல்லும் பாட்டு என்று அது வேறொன்றாகிவிட்டது. எங்கள் நால்வரில் கானா பாடுபவரிடம் போய் இதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டால், கானாதான் என்பார். அவர் சொல்வது சரி. இந்த மண் அந்தச் சொல்லுக்குப் புதுப்பொருள் கொடுத்துத் தனதாக்கிக்கொண்டது. பாட்காஸ்ட்டுக்கு நாம் அப்படி எதுவும் இன்னும் கொடுக்கவில்லை. வந்தபடியே இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்கிறார்கள்? ஒலியோடை என்று ஒரு சொல் இருக்கிறது. தானே வந்துசேரும் தொடர்வரத்தை ஓடை என்று குறிக்கும் வழக்கம் இணையத் தமிழில் உண்டு. அந்த வகையில் நுட்பத்துக்கு மிக அருகில் வரும் சொல் இதுதான். சொல்லவும் இனிமை. ஆனால் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் நேரலைக்கும் அதுவே பொருந்தும் என்பதால் குழப்பம் வருகிறது. ஒலிபரப்பு என்றால் வானொலியாகிவிடும். குரல்பதிவு என்றால் கைப்பேசியில் அனுப்பும் குரல்செய்தியும் அதில் அடங்கிவிடும்.

எஞ்சுவது வலையொலி. வானொலி என்ற சொல்லின் தங்கை இது. சென்னையில் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. கழகம் நொடித்த பிறகு 1930-இல் மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. இன்றும் நாம் பேச்சில் ரேடியோ என்கிறோம், எழுத்தில் வானொலி என்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று துரத்தவில்லை. வானில் வந்த ஒலி வானொலி, வலையில் வரும் ஒலி வலையொலி. படித்தவுடன் பொருள் விளங்குகிறது. காசிமேட்டில் வலை என்றால் யாருக்கும் அகராதி தேவையில்லை.

ஆனால் வலையொளி என்றும் ஒரு சொல் புழங்குகிறது. அது யூடியூப் போன்ற காணொலித் தளங்களைக் குறிக்க வந்தது. ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு. எழுத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. பேச்சில் பலருக்கு அதுவும் இல்லை. எங்கள் பகுதியில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு கலைக்கு இது பெரிய சிக்கல். தொல்காப்பியர் இந்த இரண்டு ஒலிகளையும் ஒரே நூற்பாவில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறார். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொட்டு, அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. ஒற்றுவதும் வருடுவதும்தான் வேறுபாடு. சொல்லிப்பாருங்கள்: ஒலி, ஒளி. ஒலி என்னும்போது நாக்கு பல்லருகில் ஒட்டி எடுக்கும். ஒளி என்னும்போது பின்னுக்கு மடிந்து தடவிவிட்டுப் போகும்.

கூடவே வரும் சொற்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். எபிசோடுக்குப் பகுதி போதும். நடத்துபவர் நெறியாளர். கேட்பவரை நேயர் என்று வானொலிக்காரர்கள் எப்போதோ அழைக்கத் தொடங்கினார்கள். நேயம் வடமொழியின் சினேகத்திலிருந்து வந்தது, அன்பு என்று பொருள். கேட்பவரைக் காதால் அடையாளம் காட்டாமல் அன்பால் அடையாளம் காட்டிய சொல் அது. எங்கள் பதிவைத் தவறாமல் கேட்கும் இருபது முப்பது பேரை நினைக்கும்போது வேறு எந்தச் சொல்லும் எனக்கு வாயில் வருவதில்லை. கேள்வி என்ற சொல்லுக்கே முன்பு கேட்டறிதல் என்று பொருள் இருந்தது. குறளின் 42-ஆம் அதிகாரம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. இன்று அது வினாவுக்குப் போய்விட்டது. திரும்பி வராது.

கிரியேட்டிவிட்டிக்குப் படைப்பாற்றல் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். ஒருநாள் அதைக் கேட்ட ஆயா, யாருக்குப் படைக்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்குப் படைப்பது என்றால் இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்து முன்னோரைக் கும்பிடுவது. அன்றைய பதிவு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம். படகில் எழுதும் நண்பர் சொன்னார்: படகுக்கு முதன்முதலாகப் பெயர் எழுதும் நாளில் பூவும் பழமும் வைத்துத்தான் தூரிகையைக் கையில் கொடுப்பார்களாம்.

இந்த ஞாயிறு பலகையை முடித்தோம். நீல அடிவண்ணத்தில் வெள்ளை எழுத்து; ஒற்று எழுத்துகளின் புள்ளியைப் படகில் வைப்பதுபோலவே பெரிதாக வைத்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் தூரிகையை நிறுத்தி, நாக்கைப் பல்லின் அடியில் ஒற்றி, ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, லி என்று எழுதினார்.